எந்த வேலைக்கு, எந்தப் படி வரை: வேலூர்ப் பெண்களின் வேலையும் கூலியும்

வேலூர்ப் பக்கத்தில் இன்று பெண்களை வேலைக்கு எடுக்க மாட்டோம் என்று யாரும் சொல்வதில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டின் தோல் தொழில் ஊர்களில் ஷூ கம்பெனிகள் கிராமம் கிராமமாக வேன் அனுப்பிப் பெண்களை அழைத்துப் போகின்றன. ஆஸ்பத்திரி வார்டு, தனியார் பள்ளி, ஜவுளிக் கடை, வங்கி, கலெக்டர் ஆபீஸ் என்று எங்கே போனாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். ‘இன்னும் என்ன பாகுபாடு இருக்கிறது?’ என்று ஒருவர் கேட்டால், அவர் கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் கேட்கிறார்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்டுப் பாருங்கள். உள்ளே போன பெண் எந்தப் பிரிவில் உட்காருகிறாள்? அவளுக்கு மேலே யார்? பத்து வருடம் கழித்தும் அதே நாற்காலிதானா? குழந்தை பிறந்து திரும்பி வந்தால் அந்த நாற்காலியாவது இருக்கிறதா? இந்தக் கேள்விகளுக்கு வரும் பதில்கள் வேறு மாதிரி இருக்கின்றன. பாகுபாடு முன்பு கம்பெனி வாசலில் நின்றது. இப்போது வேலையைப் பிரித்துக் கொடுக்கும் விதத்துக்குள் போய்விட்டது. அதனால்தான் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை, சட்டத்தின் கைக்கும் எளிதில் சிக்குவதில்லை.

தேசியப் புள்ளிவிவரமும் இதைத்தான் காட்டுகிறது. மத்திய அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பின்படி, 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் வேலையில் இருப்பவர்களும் வேலை தேடுபவர்களும் சேர்ந்து 2017-18இல் 23.3 சதவீதம். 2023-24இல் அது 41.7 சதவீதம். ஏற்றம் பெரிதுதான். ஆனால் இதில் பெரும்பகுதி கிராமங்களில் சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் பெண்கள் செய்யும் வேலை. அதில் சம்பளம் வாங்காமல் குடும்பத்துக்கு உழைப்பவர்களும் கணக்கில் வருகிறார்கள். மாதச் சம்பளமும் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்தமும் உள்ள வேலை அந்த அளவுக்குக் கூடவில்லை. தமிழ்நாடு இதில் சற்று மாறுபட்ட மாநிலம். இந்தியாவில் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்தில் நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளுக்கும் பங்கு உண்டு.

ஒரு நூற்றாண்டுக்கு முன் திறந்த வழி

இந்த வட்டாரத்தில் பெண்கள் வேலைக்கு வந்த கதையைச் சொல்ல வேண்டுமானால் சி.எம்.சி. என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை விட்டுவிட முடியாது. 1890-களில் திண்டிவனத்தில் மிஷனரி டாக்டர் ஒருவரின் வீட்டுக்கு, ஒரே இரவில் மூன்று பேர் தனித்தனியாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவியருக்கும் பிரசவ ஆபத்து. டாக்டர் ஆண் என்பதால் அவர் வருவதை மூவரும் ஏற்கவில்லை, டாக்டரின் மகள் வந்தால் போதும் என்றார்கள். மகளுக்கோ வைத்தியம் தெரியாது. மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த மகள்தான் ஐடா ஸ்கடர். அமெரிக்கா போய் 1899-ல் டாக்டர் பட்டம் வாங்கி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு சிகிச்சையைத் தொடங்கினார். 1909-ல் நர்ஸ் பயிற்சிப் பள்ளி, 1918-ல் பெண்களுக்கு மட்டுமான மருத்துவப் பள்ளி. ஆண்களை அங்கே சேர்த்தது 1947-ல்தான்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. பெண்ணும் ஆணும் சமம் என்று ஊர் ஒப்புக்கொண்டதால் இந்த வழி திறக்கவில்லை. பெண் உடம்பைப் பெண்தான் தொட வேண்டும் என்ற கட்டுப்பாடுதான் பெண் டாக்டருக்குத் தேவையை உண்டாக்கியது. ‘இது பெண்ணுக்கு ஏற்ற வேலை’ என்ற எண்ணம் வழியைத் திறந்தது, எல்லையையும் அதுவே வரைந்தது. மருத்துவப் படிப்பில் பெண்கள் நிறைய வந்த பிறகும் அவர்கள் அதிகம் இருப்பது மகப்பேறு, குழந்தை மருத்துவம் போன்ற துறைகளில். எலும்பு அறுவை சிகிச்சை மாதிரித் துறைகளில் இன்னும் குறைவுதான்.

அந்த எல்லையைத் தாண்டியவர்களும் இதே ஊரில் இருந்தார்கள். சி.எம்.சி.யின் தலைமைப் பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் ஹில்டா லாசரஸ் என்ற பெண் டாக்டர். மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் சிக்கி இடுப்புக்குக் கீழே உணர்வு இழந்தார். பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கினார், 1972-ல் பத்மஸ்ரீ பெற்றார். உடம்பு பலத்தைக் காரணம் காட்டி ஒரு வேலையைப் பெண்ணுக்கு மறுக்கும்போதெல்லாம் எனக்கு மேரி வர்கீஸ்தான் நினைவுக்கு வருவார்.

ஷூ கம்பெனிக்குள்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மூன்றும் 2019 வரை ஒரே மாவட்டம். இந்த மூன்றிலும் படிப்பு அதிகம் இல்லாத பெண்ணுக்குக் கிடைக்கிற நிரந்தர வேலை என்றால் முதலில் நினைவுக்கு வருவது ஷூ கம்பெனி. ஆகவே இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஒரு ஷூ செய்ய முதலில் தோலை அச்சு வைத்து வெட்ட வேண்டும். அது கட்டிங் செக்ஷன், கிளிக்கிங் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் ஆண்கள். வெட்டிய துண்டுகளின் ஓரத்தை மெல்லியதாகச் சீவ வேண்டும், பசை தடவி மடிக்க வேண்டும், பிறகு தைக்க வேண்டும். இப்படி உருவாகும் மேல்பகுதிக்கு அப்பர் என்று பெயர். இங்கே வரிசை வரிசையாகப் பெண்கள். அடுத்து அப்பரை அச்சில் இழுத்துப் பொருத்துவதும் அடிப்பகுதியை ஒட்டுவதும் பெரிய மெஷின் வேலை, அங்கே பெரும்பாலும் ஆண்கள். கடைசியாகத் துடைப்பது, பார்ப்பது, பெட்டியில் அடுக்குவது மீண்டும் பெண்கள். மெஷின் பழுது பார்ப்பது ஆண்கள். லைனை மேற்பார்க்கும் சூப்பர்வைசர் பல இடங்களில் ஆண். லைன் லீடராகச் சில பெண்கள் வந்திருக்கிறார்கள்.

கட்டிங் வேலையில் திறமை வேண்டும், மறுக்கவில்லை. ஒரு தோலில் எங்கே தழும்பு இருக்கிறது, எந்தப் பக்கம் இழுவை கொடுக்கும் என்று பார்த்து, வீணாகாமல் வெட்ட வேண்டும். தையலும் அப்படித்தான். துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்துவிட்டுத் திரும்பத் தைக்கலாம். தோலில் ஊசி விழுந்த ஓட்டை மூடாது. வளைவான ஓரத்தில் சீரான இடைவெளியில் இரண்டு வரிசைத் தையல் போகும்போது ஒரு இடத்தில் கை நழுவினால் அந்தத் துண்டே போச்சு. அதுவும் மணிக்கு இத்தனை ஜோடி என்ற டார்கெட்டுக்குள் செய்ய வேண்டும். பழகுவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

ஆனாலும் கட்டிங்கைத் ‘தொழில் தெரிந்தவர்’ வேலை என்றும் தையலைப் ‘பொம்பளைங்களுக்கு விரல் வாகு உண்டு, பொறுமை உண்டு’ என்றும் பேசுவதுதான் வழக்கம். ஆணின் திறமை அவன் கற்றுக்கொண்டது, பெண்ணின் திறமை அவளுக்குப் பிறவியிலேயே இருப்பது. கற்றுக்கொண்டதற்குக் கூலி கேட்கலாம். பிறவியில் இருப்பதற்கு யார் தனியாகக் கொடுப்பார்கள்? கூலி வித்தியாசம் இந்த இடத்தில்தான் உருவாகிறது என்பது என் கருத்து. கணக்குப் பிரிவில் யாரோ திட்டமிட்டுக் குறைத்துப் போட வேண்டிய அவசியமே இல்லை. எந்த செக்ஷனுக்கு எந்தத் தரம் என்று வகைப்படுத்தும்போதே அது முடிந்துவிடுகிறது.

அனுபவத்துக்கு மதிப்பில்லாததும் இதோடு சேர்ந்ததுதான். குறைந்தபட்சக் கூலியை ஒட்டியே சம்பளம் ஓடுகிற கம்பெனியில், பதினைந்து வருடம் தைத்தவருக்கும் போன வருடம் சேர்ந்தவருக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது. சீனியர் ஆனால் மேலே போகலாம் என்பதற்குப் படியே கிடையாது. ‘எத்தனை வருஷம் போனாலும் டெய்லர்தான்’ என்று இங்கே பெண்கள் சொல்வது சலிப்பில் வருகிற பேச்சு இல்லை, அந்த வேலையின் அமைப்பே அப்படி.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்தக் கம்பெனிகள் கொண்டுவந்த மாற்றத்தையும் சொல்லியாக வேண்டும். தையலில் உட்காரும் பெண்களில் ஏராளமானோர் தலித் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களுடைய பாட்டிமார் நிலம் வைத்திருப்பவர் வீட்டு வாசலில் கூலிக்கு நின்றவர்கள். பேத்திகள் கையில் ஏ.டி.எம். அட்டை, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. புத்தகம். தங்கையின் படிப்புக்கு, சொந்தக் கல்யாணத்துக்கு, வீட்டுக்குத் தளம் போட அந்தப் பணம் போயிருக்கிறது. வீட்டில் முடிவெடுக்கும்போது ‘அவளையும் ஒரு வார்த்தை கேளு’ என்று சொல்லும் நிலை வந்ததற்கு இந்தச் சம்பளம் காரணம். அதனால்தான் மீதியையும் கேட்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சட்டம் எங்கே நின்றுவிடுகிறது

சம வேலைக்குச் சம ஊதியம் என்பது அரசியலமைப்பின் வழிகாட்டும் கொள்கைகளிலேயே இருக்கிறது. 1976-ல் சம ஊதியச் சட்டம் வந்தது. 1987-ல் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான வழக்கை முடித்தது. மும்பையில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கம்பெனி, பெண் ஸ்டெனோகிராபர்களை (சுருக்கெழுத்தாளர்களை) தனி வகையாக வைத்து ஆண் ஸ்டெனோகிராபர்களைவிடக் குறைவாகச் சம்பளம் கொடுத்தது. வகை வேறு, ஆகவே சம்பளமும் வேறு என்று அது வாதாடியது. நீதிமன்றம் ஏற்கவில்லை. சமமாகக் கொடுக்கக் கம்பெனிக்கு வசதி இல்லை என்ற சாக்கும் செல்லாது என்றது.

அந்த வழக்கில் இரு தரப்பும் ஸ்டெனோகிராபர்கள். அதனால் ஒப்பிட முடிந்தது. ஆம்பூரில் தையலில் இருக்கும் பெண் தன்னை யாரோடு ஒப்பிடுவார்? அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்யும் ஆணே இல்லை. ‘ஒரே வேலை அல்லது அதே தன்மையுள்ள வேலை’ என்றுதான் 1976 சட்டம் பேசியது. அதைத் தனக்குள் சேர்த்துக்கொண்ட 2019-ன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதே அளவுகோலைத்தான் வைத்திருக்கிறது. ஆனால் 1958-லேயே இந்தியா ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 100-வது உடன்படிக்கை இன்னும் ஒரு படி மேலே போய், ‘சம மதிப்புள்ள வேலை’ என்கிறது. அதாவது கட்டிங்கும் தையலும் வேறு வேறு வேலைகளாக இருக்கலாம். தேவைப்படும் திறமை, உழைப்பு, பொறுப்பு ஆகியவற்றை எடைபோட்டு இரண்டுக்கும் ஒரே மதிப்பு என்றால் ஒரே கூலி. இந்த அளவுகோல் நம் சட்டத்துக்குள் முழுதாக வரவில்லை. ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்து வைத்துவிட்டால் சம ஊதியச் சட்டம் வந்து தட்டுவதற்குக் கதவே இல்லாமல் போகிறது.

வயல் வேலையிலும் நெடுங்காலமாக இதே கதைதான். நாற்று நடுவதும் களை பறிப்பதும் பெண் கூலி. வரப்பு வெட்டுவதும் மருந்து அடிப்பதும் ஆண் கூலி. நாள் முழுக்கக் குனிந்து சேற்றில் நிற்பது எந்த விதத்தில் லேசான வேலை என்று யாரும் விளக்கியதில்லை. 2006-ல் நூறு நாள் வேலை வந்தபோது பழைய வட ஆற்காட்டின் திருவண்ணாமலை மாவட்டம் முதல் கட்டத்திலேயே இடம்பெற்றது. அதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி. தமிழ்நாட்டில் அந்த வேலைக்கு வந்தவர்களில் மிகப் பெரும்பான்மை பெண்கள். ஒரே ஏரிக்கரை, ஒரே மண்வெட்டி, ஒரே தொகை என்று வந்த பிறகு, நிலக்காரர் கொடுக்கும் பெண் கூலியை அதோடு வைத்துப் பார்த்துப் பேரம் பேச முடிந்தது. ஒப்பிட ஒரு அளவு கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு இது நல்ல சான்று.

வீட்டுத் திண்ணையில் நடக்கும் தொழிற்சாலை

கம்பெனிக்குள் இருப்பவர்களையாவது எண்ணலாம். வீட்டில் உட்கார்ந்து செய்பவர்கள் யார் கணக்கில் வருகிறார்கள்? குடியாத்தம், பேரணாம்பட்டு, வேலூர் சுற்றுவட்டாரத்தில் பீடி சுற்றுவது தலைமுறை தலைமுறையாகப் பெண்களின் வேலை. ஏஜென்ட் இலையும் தூளும் நூலும் எடை போட்டுக் கொடுப்பார். இலையை ஊறவைத்து, அளவாகக் கத்தரித்து, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, கட்டுக்கட்டாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஆயிரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கூலி. சரியில்லை என்று ஏஜென்ட் ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது, இலை மோசமாக இருந்தால் அந்த நஷ்டமும் சுற்றுபவர் தலையில். நாள் முழுக்க முறத்தை மடியில் வைத்துக் குனிந்தே இருப்பதால் முதுகும் கழுத்தும் போகும். புகையிலைத் தூள் மூச்சோடு உள்ளே போகும்.

1966-ல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்களுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வீட்டில் வேலை செய்பவரும் அதில் தொழிலாளிதான். காகிதத்தில் நல்ல சட்டம். ஆனால் கம்பெனிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பி.எஃப்., பென்ஷன் எல்லாம். ஒருவர் பெயரில் உள்ள அட்டைக்கு வீட்டில் மூன்று பேர் சுற்றினால் மற்ற இருவர் தொழிலாளிகளே இல்லை. பீடி மீது வசூலித்து, பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் மருத்துவத்துக்கும் செலவழித்த நல வரி 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நீக்கப்பட்டது.

ஷூவிலும் வீட்டு வேலை உண்டு. மொக்காசின் வகை ஷூவின் முன்பகுதியைக் கையால்தான் தைப்பார்கள். ஆம்பூரைச் சுற்றிய பல கிராமங்களில் அந்த அப்பர்கள் மூட்டையாக வந்து இறங்கும். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. வெளிநாட்டுக் கடையில் விற்கும் ஷூ அது. தைத்தவருக்கும் கம்பெனிக்கும் நடுவில் இடைத்தரகர் இருப்பதால், கம்பெனி ஆவணத்தில் அவர் பெயரே இருக்காது. இதில் ஈடுபடும் பெண்களில் பலர் முன்பு கம்பெனியில் தைத்தவர்கள், குழந்தை பிறந்ததும் நின்றவர்கள். அதே விரல், அதே திறமை, ஆனால் பி.எஃப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை, லீவு இல்லை.

குழந்தை பிறந்த பிறகு

கிளாடியா கோல்டின் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞருக்கு 2023-ல் நோபல் பரிசு கிடைத்தது. இரண்டு நூற்றாண்டுத் தரவுகளை அலசி அவர் காட்டியதில் ஒன்று இது: ஒரே படிப்பும் ஒரே வேலையும் உள்ள ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான சம்பள வித்தியாசம் பெரும்பாலும் முதல் குழந்தை பிறந்த பிறகுதான் விரிகிறது. அமெரிக்கக் கணக்குதான். ஆனால் ஆம்பூரில் கம்பெனியிலிருந்து கைத்தையலுக்கு இறங்கி வரும் பெண்ணைப் பார்த்தால் நமக்கும் அது நன்றாகவே பொருந்துகிறது.

1961-ன் மகப்பேறு சட்டத்தை 2017-ல் திருத்தி, சம்பளத்துடன் கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தினார்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம். ஆக, கலெக்டர் ஆபீஸில் வேலை செய்யும் பெண்ணுக்கு ஒரு வருடம், ஷூ கம்பெனியில் தைப்பவருக்கு ஆறு மாதம், பட்டியலில் பெயர் இல்லாமல் பீடி சுற்றுபவருக்கு உடம்பு எப்போது எழுந்திருக்கிறதோ அதுவரை. மூன்று பேருக்கும் பிரசவ வலி ஒன்றுதான்.

பெண்களை எடுத்தால் மகப்பேறுச் செலவு தலையில் விழும் என்று முதலாளிகள் சொல்வதுண்டு. இதில் ஒரு விவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்கும் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. இருந்தால், அந்த 26 வாரப் பணத்தைக் கொடுப்பது இ.எஸ்.ஐ. கழகம். கம்பெனி தனியாகக் கொடுப்பதில்லை. ஷூ கம்பெனித் தையல் பெண்கள் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருபவர்கள். அப்படியென்றால் அவர்கள் விஷயத்தில் செலவு ஒரு காரணமே இல்லை. உண்மையான சிக்கல் திரும்பி வரும்போது ஆரம்பிக்கிறது. 30-க்கு மேல் பெண்கள் உள்ள தொழிற்சாலையில் குழந்தைகளுக்கு அறை வேண்டும் என்று 1948-ன் தொழிற்சாலைச் சட்டமே சொல்லியிருந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்து வரலாம் என்று 2017 திருத்தம் சொன்னது. மணிக்கணக்கில் டார்கெட் ஓடும் லைனை விட்டு எழுந்து நான்கு முறை யார் போக முடியும்? வேனில் முக்கால் மணி நேரம் கைக்குழந்தையோடு எப்படி வருவது? அறைக்குப் பெயர்ப் பலகை இருந்தும் குழந்தை இல்லாத காப்பகங்கள் இருப்பது இதனால்தான்.

தனியார் பள்ளி ஆசிரியைகளின் நிலை வேறு வகை. காட்பாடியில் 1954-ல் தொடங்கிய ஆக்ஸிலியம் போன்ற பெண்கள் கல்லூரிகள் இந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகப் பட்டதாரிப் பெண்களை உருவாக்கியிருக்கின்றன. அந்தப் படிப்புக்கு அருகிலேயே கிடைக்கிற வேலை பள்ளிக்கூட டீச்சர் வேலை. ‘கல்யாணம் எப்போம்மா? கல்யாணம் ஆனா வேலையை விட்டுடுவியா?’ என்று நேர்முகத்தில் கேட்பது சகஜம். கூடவே வரும் பையனிடம் இதைக் கேட்பதில்லை. பிரசவம் என்றால் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, அப்புறம் புதிதாகச் சேர்ந்துகொள்ளச் சொல்வதும் நடக்கிறது. புதிதாகச் சேர்ந்தால் சம்பளமும் பழையபடி அடியிலிருந்து. கர்ப்பத்தையோ பிரசவ விடுப்பையோ காரணமாக வைத்து வேலையை விட்டு நீக்கக் கூடாது என்பது சட்டம். தானாக எழுதிக் கொடுத்த ராஜினாமாவை அந்தச் சட்டத்தால் எப்படிப் பிடிக்க முடியும்?

அரசு வேலையிலும் போராட வேண்டியிருந்தது. தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கு, முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் ஏற்கெனவே இருந்ததைக் காட்டி, மறுமணத்துக்குப் பிறகு பிறந்த குழந்தைக்கு மகப்பேறு விடுப்பு மறுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளி, மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையின் பகுதி என்றது. நல்ல தீர்ப்பு. அது கிடைக்க ஒரு ஆசிரியை டெல்லி வரை போக வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்கிறேன்.

சூப்பர்வைசரின் குரல்

லைனில் பெண்கள், மேலே ஆண் என்ற அமைப்புக்குக் கூலி தவிர இன்னொரு விளைவும் உண்டு. டார்கெட் எட்டவில்லை என்றால் வசவு. கழிவறைக்குப் போனால் நேரம் பார்ப்பது. அடிக்கடி எழ வேண்டாம் என்று தண்ணீரே குடிக்காமல் இருந்து சிறுநீர்த் தொற்று வாங்கிக்கொள்ளும் பெண்கள் பல தொழில்களில் உண்டு. லீவு, ஓவர்டைம், எந்த மெஷினில் உட்காருவது என்று எல்லாமே ஒருவர் கையில் இருக்கும்போது, அவர் வேறு மாதிரி நடந்துகொண்டால் யாரிடம் போவது?

1997-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் பற்றி உச்ச நீதிமன்றம் தந்த விசாகா தீர்ப்பு, 2013-ல் அதற்கான தடுப்புச் சட்டம். பத்துப் பேர் வேலை செய்தால் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், அதற்குப் பெண்தான் தலைவர். சின்னக் கடைகளுக்கும் வீட்டு வேலை செய்பவர்களுக்கும் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. சம்பவம் நடந்த மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். இந்த மூன்று மாதக் கெடுவை எத்தனை தொழிலாளிப் பெண்களுக்குத் தெரியும் என்பதுதான் என் கவலை. வீட்டில் சொன்னால் ‘நீ வேலைக்கே போக வேணாம்’ என்று முடித்துவிடுவார்கள் என்ற பயத்திலேயே அந்த மூன்று மாதம் போய்விடும்.

2021-ல் திண்டுக்கல் பக்கம் ஆயத்த ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அதன் பிறகு தொழிலாளர் சங்கமும் ஆலையும் துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் இத்தகைய துன்புறுத்தலைத் தடுக்க 2022-ல் ஓர் ஒப்பந்தம் போட்டன. ஆலை மீறினால் ஆர்டர் பாதிக்கப்படும் என்பது அதன் பலம். ஆம்பூர் ஷூவும் அதே மாதிரி வெளிநாட்டு நிறுவனங்களுக்குத்தான் போகிறது. அப்படி ஓர் ஒப்பந்தம் இங்கே முடியாது என்பதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

சில உரிமைகள் கேட்டதால்தான் கிடைத்தன. இரவு ஏழு மணிக்கு மேல் பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்ற தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் நீக்கி, பாதுகாப்புக்கு நிபந்தனைகள் வைத்தது. கடைகளில் நாள் முழுக்க நின்றுகொண்டே விற்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021-ல் சட்டம் திருத்தியது. உட்காருவதற்கே ஒரு சட்டம் தேவைப்பட்டது.

வேலைக்கு முன்னும் பின்னும்

2019-ல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதற்குச் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்யும் ஆண்களை மட்டும் வைத்துப் போட்ட சராசரி. பதவி உயர்வு என்றால் கூடுதல் நேரம், திடீர் மீட்டிங், வெளியூர்ப் பயிற்சி. ஐந்து மணி நேர வீட்டு வேலை காத்திருக்கும்போது ‘எனக்கு சூப்பர்வைசர் வேணாம் சார்’ என்று ஒரு பெண் சொன்னால், அதை அவளுடைய விருப்பம் என்று எழுதிக்கொள்வது நியாயமா?

போகும் வழியும் வேலையின் பகுதிதான். 2021 மே முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது பெரிய உதவி. பஸ் காசுக்குக் கணவனிடம் கை நீட்ட வேண்டாம் என்ற ஒன்றே போதும். ஆனால் பாதுகாப்பு? 2025 பிப்ரவரியில் திருப்பூர்ப் பக்கமிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருவரை, பெண்கள் பெட்டியில் ஏறிய ஒருவன் தாக்கி, கே.வி. குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிட்டான். அவர் கருவை இழந்தார். திருப்பத்தூர் நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் அவனுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக ரயிலில் வேலைக்குப் போய் வரும் பெண்களின் வீடுகளில் அந்தச் செய்திக்குப் பிறகு என்ன பேச்சு நடந்திருக்கும் என்று ஊகிக்கக் கஷ்டமில்லை.

அடுத்து வரும் ஆலைகள்

ஒதுக்கீடு இருக்கும் இடத்தில் மாற்றம் வேகமாக வந்திருக்கிறது. மாநில அரசு வேலையில் பெண்களுக்கு 1989-ல் 30 சதவீதம் கொடுத்தார்கள், 2021-ல் அதை 40 ஆக்குவதாக அறிவித்தார்கள். உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு. தனியார் ஆலைகளில் அப்படி எதுவும் கிடையாது, ஆனால் அங்கேயும் அரசுக்குப் பிடி இருக்கிறது. நிலம், மின்சாரம், வரி என்று சலுகை கொடுப்பது அரசுதான். ராணிப்பேட்டை மாவட்டம் பணப்பாக்கத்தில் உள்ள சிப்காட் என்ற அரசுத் தொழிற்பேட்டையில் டாடாவின் கார் ஆலைக்கு 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். தோல் அல்லாத காலணி ஆலையும் அங்கே வருகிறது. இவை வரும்போதெல்லாம் எத்தனை ஆயிரம் பேருக்கு வேலை, அதில் எத்தனை பெண்கள் என்று தலைப்புச் செய்தி வரும். அந்த எண்ணிக்கை மட்டும் போதாது. கட்டிங்கில் எத்தனை பெண்கள், மெஷின் பராமரிப்பில் எத்தனை பெண்கள், சூப்பர்வைசர் எத்தனை பேர், பிரசவ விடுப்பில் போனவர்களில் ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருப்பவர் எத்தனை பேர் என்று செக்ஷன் வாரியாக, வருடா வருடம் வெளியிட வேண்டும் என்பதைச் சலுகையின் நிபந்தனையாகவே வைக்கலாம். வருகைப் பதிவேடும் சம்பளப் பட்டியலும் எல்லாக் கம்பெனியிலும் இருக்கின்றன. தனியாகக் கணக்கெடுக்க வேண்டிய அவசியமே இல்லை.